நாற்பத்தாறு பல்

என் அக்காள் கணவர் சிலுவைராஜ் மோட்டார்சைக்கிள் பழுதுபார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். மோட்டார்சைக்கிளை அவர் அளவுக்கு வெறுத்த இன்னொருவரை நான் சிங்கப்பூரில் பார்த்ததில்லை. ரோவல் ரோட்டில் இருந்த அவர் கடைக்குச் சில வண்டிகள் ஓடி வரும், சில வண்டிகள் லாரியில் ஏறி வரும். லாரியில் வந்ததை இறக்கும்போது அவர் கண் எஞ்சின் பக்கம் போகாது. சீட்டில் ரத்தக் கறை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். இருந்தால் அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்காது.

செம்பவாங் கடற்படைத் தளத்தில், வெள்ளைக்காரர்களின் பட்டறையில் தொழில் பழகினார். எழுபத்தொன்றில் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது இவருடைய வேலையும் போயிற்று. ஜூரோங்கில் பெரிய பெரிய தொழிற்சாலைகளில் ஆள் எடுக்கிறார்கள், போய்க் கேளுங்கள் என்று என் அக்காள் ஜோசபின் சொன்னாள். புது மெஷின், புது முதலாளி, கை கால் போனால் யார் பார்ப்பது என்று பயந்து, தெரிந்த தொழிலையே நம்பி ஒரு சீனரின் டயர் கடையில் பாதியை வாடகைக்கு எடுத்தார். பயத்தினால் அவர் எடுத்த முடிவுகளில் உருப்பட்டது அது ஒன்றுதான்.

பயம் என்றால் உங்கள் வீட்டு, என் வீட்டுப் பயம் இல்லை. தெம்பனிஸில் வீடு கிடைத்தபோது, நல்ல காற்று வரும் பத்தாவது மாடி வேண்டாம் என்று இரண்டாவது மாடியைக் கேட்டு வாங்கினார். லிஃப்ட் அறுந்து விழும் என்பது ஒரு காரணம். லிஃப்ட் விழாவிட்டால் யாராவது பால்கனியிலிருந்து விழுவார்கள் என்பது இன்னொரு காரணம். மழை பெய்தால் மின்னல், வெயில் அடித்தால் மயக்கம், இரண்டும் இல்லாவிட்டால் 'ஏன் இப்படி இருட்டிக்கொண்டு வருகிறது' என்பார். அவருடன் சேர்ந்து பஸ்ஸில் போவது ஒரு தண்டனை. டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் இவர் காலும் தரையை மிதிக்கும்.

லூர்து மாதா கோயிலில் ஃபாதர் மந்திரித்துத் தந்த தீர்த்தம் ஒரு பாட்டிலில் கடையில் எப்போதும் இருக்கும். பிரேக்கோ செயினோ மாற்றிய வண்டியைத் தீர்த்தம் தெளிக்காமல் வெளியே விடமாட்டார். இந்து, முஸ்லிம், சீனர் என்ற பேதமெல்லாம் கிடையாது. பாதிப்பேர் அதை ஏதோ எண்ணெய்க் கறை போக்குகிற தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, அலெக்சாண்டர். மெக்கானிக்கின் மகன்தான், ஆனால் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வண்டியில்கூட அவன் உட்காரக் கூடாது. ராணுவத்தில் தேசிய சேவை முடித்து வந்ததும் லைசென்ஸ் எடுக்கப்போவதாக ஒருமுறை சொன்னான். அத்தான் திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டு சாப்பாட்டிலிருந்து எழுந்து போய், அறைக்குள் உட்கார்ந்து அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் அழுததைக் கேட்ட பிறகு பையன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அப்பா மீது அவனுக்கு உயிர். அதுதான் அவனுக்குப் பெரிய தொல்லை.

நான் ஜோன். ஜோசபினின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று அக்காள் வீட்டிலேயே இருந்துவிட்டவள். துவாஸில் கடலைத் தூர்த்து நிலமாக்கிக்கொண்டிருந்த ஒரு கான்ட்ராக்டரின் சைட் ஆபீஸில் டைப் அடிப்பதும் போன் எடுப்பதும் என் வேலை. எண்பத்தைந்தில் ஊரெங்கும் ஆள் குறைப்பு நடந்தபோது எங்கள் சர்வே குழுவுக்கு ஒரு கை தேவைப்பட்டது. நான் ஒரு வார்த்தை சொன்னேன், அலெக்சாண்டர் சேர்ந்தான். அளவுகோல் பிடிக்கிற வேலை என்று வீட்டில் சொன்னோம். அது பொய் இல்லை. பிடிப்பதற்கு முன்னால் அந்தக் கோலை எப்படி எடுத்துப்போவான் என்று அத்தான் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

துவாஸை அப்போது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கண்ணுக்கு எட்டிய வரை மணல். மரம் இல்லை, நிழல் இல்லை, ரோடு இல்லை. லாரி கொஞ்சம் விலகிப் போனால் அச்சு வரை புதைந்துவிடும். அதனால் கம்பெனி மூன்று சக்கர வண்டி ஒன்றை வாங்கிப் போட்டிருந்தது. மோட்டார்சைக்கிள் மாதிரி ஹேண்டில், சீட்டு. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. மூன்றுக்கும் பலூன் போலக் கொழுத்த டயர். பின்னால் கம்பி கேரியரில் கருவிப்பெட்டி, அளவுகோல், அடையாளத்துக்கு மணலில் அடிக்கும் முளைக்குச்சிக் கட்டு, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் கட்டி வைத்து ஓட்டிக்கொண்டு போவார்கள். சைட்டுக்குள் ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை. சேர்ந்த மாதமே அலெக்சாண்டர் அதன் மேல் ஏறிவிட்டான். அத்தனை வருஷப் பசி!

சுமையோடு போகும்போது அந்த வண்டி மணலில் திணறியது. முதல் கியரில்கூட எஞ்சின் முக்கி முனகி நின்றுவிடும், கிளட்ச் தீய்ந்து நாறும். எங்கள் ஃபோர்மன் தங்கராஜு, "உங்க அத்தான் கடையில காட்டிட்டு வரவா?" என்று என்னைக் கேட்டார். கேட்டது மரியாதைக்கு. நான் பதில் சொல்வதற்குள் வண்டியை லாரியில் ஏற்றிவிட்டார்.

கடையில் நடந்ததை அன்றைக்குச் சாயங்காலம் தங்கராஜு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தான் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, செயினை விரலால் தூக்கிப் பார்த்தாராம். இந்த வண்டிகளில் எஞ்சினை ஒட்டி ஒரு சின்னப் பல்சக்கரம், பின் அச்சில் ஒரு பெரிய பல்சக்கரம், இரண்டையும் சுற்றிச் செயின். அந்தப் பல்சக்கரங்களை ஸ்ப்ராக்கெட் என்பார்கள். முன்னால் பல்லைக் குறைத்தாலோ பின்னால் கூட்டினாலோ இழுவை கூடும், வேகம் குறையும். முன்னால் ஒரு பல் குறைப்பதும் பின்னால் மூன்று பல் கூட்டுவதும் ஏறக்குறைய ஒன்று என்பது கடைக் கணக்கு.

"முன்னால பதிமூணு, பின்னால நாப்பது இருக்கு. முன்னால மட்டும் பன்னெண்டு போட்டாப் போதும். சாயங்காலமே எடுத்துட்டுப் போயிடலாம்" என்றாராம் அத்தான். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "இதை யாரு ஓட்டுறா?" என்று கேட்டிருக்கிறார்.

"என்னண்ணே, தெரியாத மாதிரி கேக்குறீங்க? நம்ம அலெக்ஸ்தான். சூப்பரா ஓட்டுவான் லா."

அத்தான் டயர் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாராம். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னைக்கு முடியாது. நாளைக்கு வாங்க" என்றாராம்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் பெரிய ரகளை நடக்கும் என்று நானும் அக்காளும் காத்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மீனில் முள் எடுத்து மகன் தட்டில் வைத்தார். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு!

"அந்த வண்டி எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்று மட்டும் கேட்டார்.

அலெக்சாண்டர் என்னைப் பார்த்தான். நான் ரசத்தைப் பார்த்தேன்.

"சிக்ஸ்டி போகும்ப்பா. கெட்டியான மணல்னா."

"ம்" என்றார் அத்தான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அந்த 'ம்' பிடிக்கவில்லை.

மறுநாள் அவர் ஜாலான் புசாரில் உதிரிபாகக் கடை கடையாக ஏறி இறங்கினார். முன்னால் போடப் பன்னிரண்டு பல் வாங்கவில்லை, பதினொன்று வாங்கினார். பின்னால் தொடவே வேண்டாம் என்று சொன்னவர், ஏதோ ஒரு வண்டிக்கான நாற்பத்தாறு பல் சக்கரத்தைத் தேடிப் பிடித்தார். ஆணித் துளைகள் பொருந்தவில்லை. லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புதுத் துளை போட்டார். செயின் நீளம் போதவில்லை, கண்ணிகள் சேர்த்தார். கூட்ட வேண்டிய இழுவையைப் போல நாலு பங்கு கூட்டினார், அதாவது வேகத்தை நன்றாக நெரித்துவிட்டார். இனி அந்த வண்டி எவ்வளவு முறுக்கினாலும் அறுபதைக் கனவில்தான் பார்க்கும்.

கடைக்குப் பின்சந்தில் ஓட்டிப் பார்த்தார்கள். டயர் கடைக்காரர் பழைய டயர்களைக் கயிற்றில் கட்டிப் பின்னால் மாட்ட, வண்டி மாடு போல இழுத்துக்கொண்டு போனதாம். தீர்த்தப் பாட்டிலை வண்டி மேல் முழுசாகக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு அவர் சிரித்தார், இரண்டாம் முறை சோறு கேட்டார், அக்காளின் புடவை நன்றாக இருக்கிறது என்றார். மகனிடம், "இனிமே நல்லா இழுக்கும்" என்றார். அந்த நிம்மதியான முகத்தை நான் மறக்கவில்லை.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாழ்நாள் முழுக்க அவர் கடைக்கு வந்த ரத்தமெல்லாம் ரோட்டில், வேகத்தில் சிந்திய ரத்தம். வேகத்தைக் குறைத்தால் ஆபத்து குறையும் என்பது அவருக்கு ஜெபம் மாதிரி. இந்தத் தீவில் தார் ரோட்டைத் தவிர வேறு எதன் மேலும் வண்டி ஓடி அவர் பார்த்ததில்லை. சரிவான மணலை அவர் யோசிக்கவே இல்லை.

வண்டி துவாஸுக்குத் திரும்பி வந்த மறுநாள் காலையில், அஹமது கபீர் அத்தான் கடைக்கு வந்தார். சிராங்கூன் ரோட்டு மளிகைக் கடை ஒன்றிலிருந்து அரிசி மூட்டைகளை மோட்டார்சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டு கொடுப்பவர். போன மாதம்தான் அத்தான் அவர் வண்டிக்கு இழுவை கூட்டிப் பல் மாற்றிக் கொடுத்திருந்தார்.

"நல்லாத்தான் இழுக்குது அண்ணே. ஆனா மேடு ஏறும்போது முன்னால லேசாயிடுது. பின்னால மூட்டை இருக்கா, ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தா முன்சக்கரம் ரோட்டை விட்டே எழும்புது. நேத்து கார் பார்க் மேட்டுல குப்புறப்... இல்ல, மல்லாக்கப் போயிருப்பேன்."

"உடம்பை முன்னால சாச்சு உக்காருங்க பாய். மூட்டையைக் கொஞ்சம் முன்னால நகத்திக் கட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே அத்தான் ஸ்பேனரை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் சுமை. மேடு. இழுவை. கபீர் வண்டிக்கு அவர் முன்னால் குறைத்தது ஒரே ஒரு பல்.

சைட் ஆபீஸில் போன் அடித்தது. அத்தான் அந்த வாரத்திலேயே பலமுறை கூப்பிட்டிருந்தார். அலெக்ஸ் தொப்பி போட்டிருக்கிறானா, துவாஸில் மேகம் எப்படி என்றெல்லாம். அதனால் குரலைக் கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"ஜோன், அலெக்ஸ் எங்க இருக்கான்?" வழக்கமாகப் போனில் கத்துகிறவர், அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"மேற்குக் கரைப் பக்கம் போயிருக்கான் அத்தான். ஏன்?"

"அங்க மேடு இருக்கா?"

"கடலை மறிச்சுக் கட்டின மணல் கரை இருக்கு. அது மேல ஏறித்தான் அளப்பாங்க."

"அவனை ஏற விடாத. வண்டியை விட்டு எறங்கச் சொல்லு. மல்லாக்க விழும். நான் தப்பாப் போட்டுட்டேன். மாதாவே, நான் தப்பாப் போட்டுட்டேன்" என்றார். போன் வைக்கப்பட்டது.

வெளியே ஓடினேன். தங்கராஜு வராந்தாவில், மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்திய லெவல் மெஷினைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தூரத்து அளவுகோலைப் பார்ப்பதற்கான தொலைநோக்கி அதில் உண்டு. விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"உங்க அத்தானா? போன வாரம் மின்னல் அடிக்கும், வேலையை நிறுத்துங்கன்னாரு. வெயில் கொளுத்திச்சு!"

"தங்கராஜு, இன்னைக்கு அவரு கத்தலை. லாரியை எடுங்க."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரிப்பை நிறுத்தினார். லாரி டிரைவரைக் கூப்பிடப் போனார். நான் அந்தத் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, மேற்குக் கரைப் பக்கம் திருப்பினேன். மணல் தெரிந்தது. வண்டி தெரிந்தது. சக்கரங்கள் மேலே, சீட்டு கீழே.

நான் போட்ட அலறலில் தங்கராஜு ஓடி வந்தார். கண்ணை வைத்துப் பார்த்தார். "அட, ஒண்ணுமில்ல ஜோன். இந்தப் பழைய மெஷின்ல எல்லாமே தலைகீழாத்தான் தெரியும். வானம் கீழ இருக்கு பாருங்க. அவன் நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கான்."

மறுபடி பார்த்தேன். ஆமாம், வானம் கீழே இருந்தது. வண்டி தலைகீழாக, பத்திரமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அலெக்சாண்டரின் மஞ்சள் சட்டையும் தலைகீழாக. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. கூப்பிட்டால் கேட்காத தூரம். இருந்தாலும், "அலெக்ஸ், நில்லுடா" என்றேன். அவன் கரையின் அடியில் கொஞ்சம் நின்றான். பிறகு ஏற ஆரம்பித்தான்.

பாதி தூரம் போயிருப்பான். வட்டக் கண்ணாடிக்குள் அந்த வண்டி மெதுவாகத் திரும்பி நிமிர்ந்தது. சக்கரங்கள் கீழே வந்தன, சீட்டு மேலே வந்தது, பார்க்க ஒழுங்காக நின்றது. இதுதானே சரி என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் புரிந்தது. இந்தக் கண்ணாடியில் வண்டி நிமிர்ந்து தெரிந்தால் அங்கே கவிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். மஞ்சள் சட்டையைக் காணவில்லை.

லாரி போகிற வரைக்கும் போய், மீதியை ஓடினோம். செருப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வாயில் அருள் நிறைந்த மரியே மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் பாதியிலேயே அறுந்து மறுபடி மறுபடி முதலிலிருந்து. அக்காளிடம் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். அத்தானிடம் சொல்ல வேண்டியது வராது, அவர் அந்த இடத்திலேயே போய்விடுவார் என்று நினைத்தேன்.

அலெக்சாண்டர் கவிழ்ந்த வண்டிக்கு அந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்து, தோளைத் தடவிக்கொண்டிருந்தான். முழங்கை சிராய்த்து ரத்தம். தொடையில் ஹேண்டில் இடித்திருந்தது. வேறு ஒன்றுமில்லை. நான் அவனை ஓங்கி ஓர் அறை அறைந்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"சித்தி, நான் என்ன பண்ணேன்? லேசா முறுக்குனேன், முன்னால அப்படியே வானத்துக்கு எழும்பிடுச்சு. சைடுல குதிச்சிட்டேன். குதிக்கலன்னா மேல விழுந்திருக்கும்."

அத்தான் டாக்ஸியில் வந்தார். டாக்ஸிக்காரர்கள் காட்டுத்தனமாக ஓட்டுவார்கள் என்று ஜோசபினின் பிரசவத்துக்கே பஸ்ஸில் கூட்டிப்போனவர் அவர். கேட்டில் டாக்ஸியை உள்ளே விடவில்லை. டூல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த வெயிலில், மணலில் கால் புதையப் புதைய வந்துகொண்டிருந்தார். தூரத்திலேயே அவருக்கு வண்டி தெரிந்திருக்கும். மூன்று சக்கரமும் மேலே. மகன் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் நின்றுவிட்டார். அங்கிருந்து ஓர் அடிகூட எடுத்து வைக்க அவரால் முடியவில்லை. நான் கையை ஆட்டிக் கத்தினேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அலெக்சாண்டர்தான் எழுந்து, நொண்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்து, "அப்பா!" என்றான். அத்தான் மணலில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் தேறி எழுந்து வந்ததும் முதலில் மகனைத் தொடவில்லை. தொட்டால் உடைந்துவிடுவான் என்பது போலப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"என்னப்பா போட்டீங்க?" என்று அலெக்சாண்டர் கேட்டான்.

"முன்னால பதினொண்ணு. பின்னால நாப்பத்தாறு."

தங்கராஜு வாயைப் பிளந்தார். "பன்னெண்டு போதும்னுதானே அண்ணே சொன்னீங்க?"

"அது யாரு ஓட்டுறான்னு தெரியறதுக்கு முந்தி."

அலெக்சாண்டருக்குக் கோபம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்தது. "நான் ஸ்பீடா போயிடக் கூடாதுன்னு செஞ்சீங்க. சரி. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் கேப்பீங்களே. என்ன லோடு, எங்க ஏறுது, எங்க எறங்குதுன்னு. என்கிட்ட எவ்வளவு ஸ்பீடு போகும்னு மட்டும்தானே கேட்டீங்க?"

அது உண்மை. எதை ஏற்றுவாய், எந்த ரோடு, பின்னால் யார் உட்காருவார்கள், பெண்டாட்டி எத்தனை கிலோ என்றுகூடக் கேட்காமல் அத்தான் எந்த வண்டிக்கும் பல் மாற்றியதில்லை. அதற்காகவே சிலர் அவரைக் கிண்டல் செய்வார்கள். கேட்டுக் கேட்டு வேலை செய்த மனிதர், பெற்ற பிள்ளையிடம் கேட்கவில்லை. பயந்தார், முடிவு செய்தார், பூட்டினார்.

அத்தான் டூல் பையை இறக்கி வைத்தார். அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "சொல்லு. பின்னால என்ன ஏத்துவே?"

அலெக்சாண்டர் அவரைப் பார்த்தான். கோபம் கொஞ்சம் இறங்கியது. "பெட்டி, கோல், முளைக்குச்சி, தண்ணி. என் எடையில பாதி இருக்கும்."

"இந்தக் கரைதான் இருக்கறதுலேயே செங்குத்தா?"

"ஆமாப்பா. இதுல ஏறுனாப் போதும், மத்ததெல்லாம் சமம்தான்."

"சமத்துல எவ்வளவு ஸ்பீடு வேணும்?"

இந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

"கடல் தண்ணி ஏறறதுக்கு முன்னாடி அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பணும்ப்பா. கொஞ்சம் வேகமாப் போனாத்தான் முடியும்."

அத்தான் பையிலிருந்து பழைய நாற்பது பல் சக்கரத்தை எடுத்தார். கூடவே ஒரு பன்னிரண்டு. வருகிற வழியில் ஜாலான் புசாரில் டாக்ஸியை நிறுத்தி அதை வாங்கியிருக்கிறார். "பன்னெண்டு போதுமா?" என்று மகனைக் கேட்டார். தன் தொழிலில் அவர் இன்னொருவரிடம் போதுமா என்று கேட்டு நான் கேட்டதில்லை.

"போதும்ப்பா."

வண்டியைப் புரட்டி நிமிர்த்தி, அச்சின் கீழே முளைக்குச்சிக் கட்டை முட்டுக் கொடுத்து, அந்த வெட்டவெளியிலேயே வேலையை ஆரம்பித்தார். செயின் கண்ணியைப் பூட்டுகிற குட்டிக் கிளிப் நழுவி மணலில் விழுந்தது. நாங்கள் எல்லோரும் மண்டியிட்டு மணலைச் சலித்தோம். அது கிடைக்காமல் போகட்டும் என்று அத்தான் ஒரு கணம் வேண்டியிருப்பார், எனக்கு நிச்சயம். அதைக் கண்டெடுத்தது அவர்தான். சட்டையில் துடைத்து, அவரே பூட்டினார்.

சேர்த்த கண்ணிகளைக் கழற்றி, செயினின் தொய்வு பார்த்து, ஆணிகளை இறுக்கி, இறுக்கியதை மறுபடியும் இறுக்கினார். இதில் விசித்திரம் என்னவென்றால், அந்த வண்டி இப்போது காலையில் இருந்ததைவிட வேகமாகப் போகும். மகன் பிழைக்க வேண்டுமானால் வேகத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், அதையும் தன் கையாலேயே. எல்லாம் முடிந்ததும் தீர்த்தப் பாட்டிலுக்காகப் பைக்குள் கை விட்டார். அதை அன்றைக்கே கவிழ்த்து முடித்தாயிற்று. வெறுங்கையால் ஹேண்டிலில் சிலுவை போட்டார்.

"வேணாம்டா, இன்னைக்கு லீவு எடு" என்று நான் சொன்னேன். அலெக்சாண்டர் அப்பாவைப் பார்த்தான்.

"ஏறிப் பாரு" என்றார் அத்தான். "உடம்பை முன்னால கொடு. முறுக்காதே, மெதுவாக் கொடு."

சுமையைக் கட்டிக்கொண்டு அவன் கரையில் ஏறினான். அத்தான் கண்ணை மூடிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். மூடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், எலும்பு நொறுங்குகிற மாதிரி. அவன் முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. எஞ்சின் கொஞ்சம் முனகியது, பின்சக்கரங்கள் மணலை வாரி இறைத்தன. முன்சக்கரம் தரையிலேயே ஒட்டிக்கொண்டு ஏறியது. உச்சிக்குப் போனான். அங்கே வண்டியைத் திருப்பி எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் மகன் வண்டி ஓட்டுவதை அத்தான் பார்த்தார். நன்றாகத்தான் ஓட்டினான். அதை அவர் வாயால் சொல்லவில்லை, என் கையைத்தான் விட்டார்.

அலெக்சாண்டர் கீழே இறங்கி வந்து எங்கள் பக்கத்தில் நிறுத்தினான். முகமெல்லாம் மணல், பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. கட்டியிருந்த பெட்டியையும் கேனையும் அவிழ்த்து மணலில் இறக்கி வைத்தான். கேரியரைத் தட்டிக் காட்டினான்.

"ஏறுங்கப்பா. ஆபீஸ் வரைக்கும் கொண்டு விடறேன். அவ்வளவு தூரம் மணல்ல நடக்காதீங்க."

அத்தான் அந்தக் கேரியரைப் பார்த்தார். டூல் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் பின்னால உக்காந்தா முன்சக்கரம் தூக்கும்" என்றார். "நீ போ. நான் நடந்து வரேன்."